தாவும் முன்: ஃபிகர் ஸ்கேட்டிங் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, தாவல்களைப் பற்றியவை. அதிலும் டேக்-ஆஃப், அதாவது பனியை விட்டுக் கிளம்பும் கணம் பற்றித்தான் எல்லோருக்கும் சந்தேகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதில்கள் எல்லாம் இடப்பக்கமாகச் சுழல்பவர்களுக்காக எழுதியவை. வலப்பக்கம் சுழல்பவர்கள், வலது என்று வரும் இடத்தில் எல்லாம் இடது என்று படித்துக்கொள்ளுங்கள்.

டிவியில் வர்ணனையாளர் 'லட்ஸ்', 'ஃபிளிப்' என்று சொல்வதற்குள் தாவல் முடிந்துவிடுகிறது. எனக்கு ஆறு தாவலும் ஒன்றாகவே தெரிகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? – சோபாவில் இருந்து ஒரு ரசிகர்

காற்றில் இருக்கும்போது பார்த்தால் எனக்கும் ஒன்றாகத்தான் தெரியும். கை மார்போடு, கால்கள் பின்னியபடி, ஒரே மாதிரி சுழல்வார்கள். இறங்குவதும் ஒரே மாதிரிதான்: வலது காலின் வெளிவிளிம்பில், பின்னோக்கி. (பிளேடின் அடியில் இரண்டு விளிம்பு உண்டு: பாதத்தின் வெளிப்பக்கம் இருப்பது வெளிவிளிம்பு, உள்பக்கம் இருப்பது உள்விளிம்பு.) அதனால் அங்கே பார்க்காதீர்கள். கிளம்புவதற்கு முந்தைய ஒரு நொடியில் பாதங்களைப் பாருங்கள்.

முகம் போகும் திசையிலேயே முன்னோக்கிக் கிளம்பினால் அது ஆக்ஸல். வேறு எதுவாகவும் இருக்க முடியாது. மற்ற ஐந்தும் பின்னோக்கிக் கிளம்புபவை. அந்த ஐந்தில், இன்னொரு கால் பிளேடின் பல்முனையால் (அதுதான் 'பிக்') பனியைக் குத்துகிறதா என்று பாருங்கள். குத்தவில்லை, சும்மா இருக்கும் கால் சுற்றி வீசிக்கொண்டு வருகிறது என்றால் சால்கோவ். குத்தவும் இல்லை, வீசவும் இல்லை, இரண்டு காலும் கிட்டத்தட்ட சேர்ந்தே இருக்க, முழங்கால் மடங்கி அப்படியே எழும்பினால் லூப். குத்துவது இடது கால் என்றால் டோ லூப். வலது கால் என்றால் ஃபிளிப் அல்லது லட்ஸ்.

கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் இடது காலின் விளிம்பு: லட்ஸுக்கு வெளிவிளிம்பு, ஃபிளிப்புக்கு உள்விளிம்பு. இதில்தான் நடுவர்களே ஸ்லோமோஷன் போட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் இருந்து பார்க்க ஒரு குறுக்குவழி: தளத்தின் மூலையை நோக்கி நீளமாகப் பின்னால் போய்க்கொண்டே இருந்துவிட்டுக் குத்தினால் பெரும்பாலும் லட்ஸ். முன்னோக்கி வந்தவர் சட்டென்று திரும்பி உடனே குத்தினால் ஃபிளிப். பத்துக்கு எட்டு முறை சரியாக வரும். மீதியை வர்ணனையாளருக்கு விட்டுவிடுங்கள்.

பெரியவனான பிறகு ஸ்கேட்டிங் கற்கிறேன். லட்ஸ் போடும்போது கடைசி நொடியில் ஃபிளிப்பாக மாறிவிடுகிறது என்று கோச் சொல்கிறார். நான் வெளிவிளிம்பில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி, மேடம்? – லட்ஸில் மாட்டிக்கொண்டவன்

கோச்தான். உங்களுக்குத் தோன்றுவதும் பொய் இல்லை: குத்துவதற்கு அரை நொடி முன்புவரை நீங்கள் வெளிவிளிம்பில்தான் இருப்பீர்கள். சிக்கல் அந்த அரை நொடியில்.

லட்ஸ் ஏன் கஷ்டம் என்று முதலில் பார்ப்போம். இடது காலின் வெளிவிளிம்பில் பின்னோக்கிப் போகும்போது உங்கள் பாதை கடிகாரம் சுற்றும் திசையில் வளைகிறது. நீங்கள் காற்றில் சுழலப்போவதோ அதற்கு நேர் எதிர்த்திசையில். மற்ற ஐந்து தாவல்களிலும் வந்த வளைவே சுழற்சிக்குக் கைகொடுக்கும். லட்ஸில் மட்டும் எதிர்த்து நிற்கும். அதனால் உடல் ஒரு திருட்டுவேலை செய்கிறது. சுழல வேண்டும் என்று மனம் நினைத்ததுமே இடது கணுக்கால் உள்ளே சாய்கிறது, விளிம்பு மாறுகிறது, வளைவும் சுழலும் திசைக்குத் திரும்பிவிடுகிறது. இப்போது தாவல் சுலபம். ஆனால் அது ஃபிளிப். ஸ்கேட்டர்கள் இதற்கு 'ஃபிளட்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உலக சாம்பியன்ஷிப் மேடைவரை ஏறியவர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு, எனவே வெட்கப்பட வேண்டாம். ஆனால் சரிசெய்யத்தான் வேண்டும். விளிம்பு தெளிவாக மாறியிருந்தால் தவறு என்று குறிப்பார்கள். சந்தேகமாக இருந்தால் ஆச்சரியக்குறி போடுவார்கள். தெளிவான தவறாக இருந்தால் அடி பலமாகவே விழும்.

தோன்றுவதை நம்பாதீர்கள், கோட்டை நம்புங்கள். பனியைச் சமன்செய்யும் வண்டி ஓடி முடித்ததும் முதல் ஆளாகத் தளத்தில் இறங்கி ஒரு லட்ஸ் போடுங்கள். அப்புறம் திரும்பி வந்து குனிந்து பாருங்கள். என் மாணவர்களை நான் மண்டியிட்டே பார்க்கச் சொல்வேன், ஜீன்ஸ் நனைந்தாலும் பரவாயில்லை. நல்ல லட்ஸின் தடம், ஒரே பக்கம் வளைந்த மெல்லிய கோடு. அது முடியும் இடத்துக்கு அருகில் ஒரு சின்னக் குழி. ஃபிளட்ஸின் தடத்தில் கோடு முடிவதற்கு ஒரு சாண் முன்னால் வளைவு தட்டையாகி, அப்புறம் மறுபக்கம் நெளியும். அந்த நெளிவைப் பார்த்துவிட்டால் அதன்பிறகு கோச்சோடு வாதாட மாட்டீர்கள்.

குழியையும் கவனியுங்கள். ஒரே இடத்தில் ஆழமாகக் குத்தியிருந்தால் சரி. நீளமாகச் சுரண்டிய பள்ளமாக இருந்தால் பிக் ஊன்றவே இல்லை, இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

காரணம் பெரும்பாலும் வலது காலில்தான் இருக்கும். குத்தப் போகும் வலது கால் நேராகப் பின்னால் போக வேண்டும். அது பக்கவாட்டில் அகலமாக விரிந்தால் எடை இரண்டு காலுக்கும் நடுவில் விழும், இடது கணுக்கால் தானாக உள்ளே மடங்கும். கூடவே வலது தோளும் திறந்துகொண்டால் கதை முடிந்தது. வலது கால் பின்னால் நீளும் அதே நேரத்தில் இடது முழங்கால் இன்னும் ஆழமாக மடங்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: குத்த அவசரப்பட்டு இடது முழங்காலை நிமிர்த்திவிடுகிறார்கள். நிமிர்ந்த காலில் வெளிவிளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க யாராலும் முடியாது.

கொஞ்ச காலத்துக்கு முழு லட்ஸை விட்டுவிடுங்கள். வெளிவிளிம்பில் பின்னோக்கிப் போய், பிக்கால் தட்டி, சுழலாமல் அதே விளிம்பில் தொடர்ந்து போங்கள். அது வந்தபின் அரை லட்ஸ்: குத்தி, அரைச் சுற்று மட்டும் திரும்பி, முன்னோக்கி இறங்குவது. சலிப்பான பயிற்சிதான். ஃபிளட்ஸை ஆயிரம் முறை போட்டு அதை இன்னும் உறுதியாக்கிக்கொள்வதைவிட இது மேல்.

என் ஒன்பது வயது மகளின் டோ லூப்பைப் பார்த்துவிட்டு ஒருவர், "இது டோ ஆக்ஸல்" என்றார். பாராட்டா, குறையா? – ஒரு அம்மா

குறைதான் அம்மா. உங்கள் மகள் இடது பிக்கைக் குத்திய பிறகும் பனியிலேயே திரும்பிக்கொண்டிருக்கிறாள். முகம் முழுக்க முன்னால் வந்தபிறகு எழும்புகிறாள். அப்படி எழும்பினால் காற்றில் செய்ய வேண்டிய சுற்றில் பாதியைத் தரையிலேயே செலவழித்த மாதிரி. போட்டியில் தெளிவாக முன்னோக்கி எழும்பிவிட்டால், ஒரு சுற்று குறைந்த தாவலாகவே கணக்கில் எடுப்பார்கள்.

ஒன்பது வயதில் இது மிகச் சாதாரணம். ஆனால் டபுளுக்கு, அதாவது இரண்டு சுற்றுத் தாவலுக்குப் போகும் முன் சரிசெய்துவிடச் சொல்லுங்கள். குத்தும் பிக் பின்னால், உடலுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கத்தில் சுற்றிக்கொண்டு போய்க் குத்தினால் இப்படித்தான் ஆகும். மற்றதைக் கோச் பார்த்துக்கொள்வார். நீங்கள் தடுப்புச் சுவர் ஓரம் நின்றுகொண்டு, "பிக்கைப் பின்னால் வை, பின்னால் வை" என்று கத்த வேண்டாம்.

அப்படியென்றால் பனியில் கொஞ்சம்கூடத் திரும்பாமல் எழும்புவதுதான் சரியான முறையா? இணையத்தில் எல்லோரும் 'ப்ரீ-ரொட்டேஷன்' (எழும்பும் முன்பே பனியில் திரும்பிவிடுவது) என்று சாம்பியன்களைத் திட்டுகிறார்களே? – இயற்பியல் மாணவன்

கொஞ்சமும் திரும்பாமல் யாராலும் எழும்ப முடியாது, தம்பி. நீங்கள் இயற்பியல் படிப்பதால் சுருக்கமாகவே சொல்லலாம். கோண உந்தம் முழுவதும் பிளேடு பனியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கிடைக்க வேண்டும். காற்றில் போனபின் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. கைகளை மார்போடு இழுத்தால் சுழலும் வேகம்தான் கூடும், உந்தம் ஒரு துளி கூடாது. ஆகவே பனியை விட்டுப் பிரியும்போதே உடல் திரும்பிக்கொண்டிருக்க வேண்டும். லூப், சால்கோவ், டோ லூப் மூன்றிலும் கிட்டத்தட்ட அரைச் சுற்று பனியிலேயே நடந்துவிடுவது அந்தத் தாவல்களின் இயல்பு. ஆக்ஸலில்கூட கடைசியில் பிளேடு சற்றுக் குறுக்கே திரும்பி, சுரண்டிக்கொண்டுதான் எழும்புகிறது. நல்ல ஆக்ஸல்களின் சத்தத்தைக் கேளுங்கள், ஒரு சின்ன 'ஸ்ஸ்' வரும்.

இயல்பான அளவைத் தாண்டி, ஊன்றிய பிக்கின் மேலேயே பம்பரமாகச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லலாம். ஆனால் ஒரு படத்தை ஏதோ ஒரு ஃபிரேமில் நிறுத்தி வட்டம் போட்டுக் காட்டுபவர்களில் பாதிப் பேர், பிளேடு பனியை விட்டுப் பிரிந்த ஃபிரேமைச் சரியாகக் கண்டுபிடிப்பதே இல்லை.

ஒரு தாவல் எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும்?

அரை நொடியிலிருந்து முக்கால் நொடிக்குள். கணக்கு எளிது: 0.5 நொடி காற்றில் இருக்க உடல் சுமார் 31 செ.மீ. உயர வேண்டும். 0.6 நொடிக்கு 44 செ.மீ., 0.7 நொடிக்கு 60 செ.மீ. அதாவது கடைசி பத்தில் ஒரு நொடியை வாங்க 16 செ.மீ. கூடுதலாக எழும்ப வேண்டும். இது எவ்வளவு விலை என்பது படியில் ஒருமுறை எகிறிப் பார்த்தால் தெரியும்.

சால்கோவில் எனக்கு உயரமே வருவதில்லை. காலை எவ்வளவு வேகமாக வீசினாலும் பனியில் வழுக்கிக்கொண்டு போகிறதே தவிர மேலே எழும்பவில்லை. – கல்லூரி மாணவி

வேகமாக வீசுவதுதான் பிரச்சினை. நீங்கள் முன்னோக்கி வந்து திரும்பியதும் உடனே வலது காலை வீசிவிடுகிறீர்கள் என்று பார்க்காமலே சொல்வேன். திரும்பிய உடம்பு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது, அதோடு காலும் சேர்ந்தால் பிளேடு பனியைக் கடிக்காமல் பக்கவாட்டில் நழுவும்.

திரும்பியதும் நிறுத்துங்கள். தோள்களை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்து, வலது காலைப் பின்னால் வைத்து, இடது காலின் உள்விளிம்பில் சும்மா போங்கள். அந்த விளிம்பு தானாகவே வளைவை இறுக்கும். இறுகுவதைக் கால் உணரும். அப்போதுதான் வலது காலைச் சுற்றிக் கொண்டுவந்து, இடது முழங்காலை நிமிர்த்தி, பிளேடின் முன்பாகத்தின் மேல் உருண்டு எழும்ப வேண்டும்.

நான் வகுப்பில் கையுறையைக் கழற்றிப் பனியில் போட்டுவிடுவேன். திரும்பியபின் அந்தக் கையுறையைத் தாண்டும்வரை வலது கால் அசையக் கூடாது. முதலில் எல்லோருக்கும் யுகமாகத் தோன்றும். "இவ்வளவு நேரமா!" என்பார்கள். வீடியோ எடுத்துக் காட்டினால் ஒரு நொடிகூட இருக்காது. இந்தத் தாவலுக்குப் பெயர் கொடுத்த ஸ்வீடன் வீரர் உல்ரிக் சால்கோவ் இதை முதலில் செய்து காட்டியது 1909-ல். ஒரு சுற்றுதான். அன்றிலிருந்து சுற்றுகள் நான்காகிவிட்டன. காத்திருக்க வேண்டிய அந்த இடம் மட்டும் மாறவில்லை. குவாட் சால்கோவை, அதாவது நான்கு சுற்று சால்கோவை, 1998-ல் டிமதி கோபெல் முதன்முதலாகப் போட்டியில் முடித்தார், 2002-ல் பெண்களில் மிகி ஆண்டோ. நிதானமாகப் பாருங்கள், அந்த நொடி அவர்களிடமும் இருக்கும்.

லூப் தாவலை வெறுக்கிறேன். பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை! – டபுள் சால்கோவ் வரை வந்தவள்

புரிகிறது. குத்தப் பிக் இல்லை, வீசக் கால் இல்லை. இருப்பதெல்லாம் வலது முழங்காலும், வெளிவிளிம்பும், பொறுமையும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். லூப் கிளம்பும் விளிம்பும் நீங்கள் எல்லாத் தாவலிலும் இறங்கும் விளிம்பும் ஒன்றே. அந்த விளிம்பில் உங்களுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. காம்பினேஷனில், அதாவது அடுத்தடுத்துப் போடும் தாவல்களில், இரண்டாவது தாவலாக டோ லூப்போ லூப்போ வருவதும் இதனால்தான். இறங்கிய இடத்திலிருந்தே கிளம்பலாம்.

நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பைக் கீழே இறக்குங்கள், மார்பைக் குனிக்காமல். இடது பாதம் முன்னால் பனியை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், அதில் எடை கூடாது. எடை வைக்கிறீர்களா என்று சோதிக்க, உட்கார்ந்த நிலையில் இடது பாதத்தை ஒரு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். தூக்கினால் தடுமாறுகிறீர்கள் என்றால், நீங்கள் லூப் போடவில்லை, இரண்டு காலில் குதிக்கிறீர்கள். வட்டத்துக்குள் தோள் சாய்ப்பது இன்னொரு கெட்ட பழக்கம். சாய்ந்தபடி எழும்பினால் சாய்ந்தபடியேதான் சுழல்வீர்கள். எங்கே விழுவீர்கள் என்றும் சொல்லத் தேவையில்லை.

பிளேடைத் தீட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து ஆக்ஸல் போய்விட்டது. மனப்பிரமையா?

இருக்காது. பிக்கின் கீழ்ப்பல்லைப் பாருங்கள், தீட்டியவர் அதையும் சேர்த்துக் குறைத்திருக்கலாம். அப்படியானால் முன்னால் உருளும்போது பல் பனியில் படுவதற்குத் தாமதமாகும். நீங்கள் எழும்பும் கணமே மாறிப்போகும். இன்னொன்று, இரண்டு விளிம்புக்கும் நடுவில் உள்ள குழிவை முன்பைவிட ஆழமாக வெட்டியிருந்தால் பிளேடு கூடுதலாகக் கடிக்கும். ஆக்ஸலுக்குத் தேவையான அந்தச் சின்னச் சுரண்டல் வராது. பழைய அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே அளவைச் சொல்லியே கொடுங்கள்.

நான் ரோலர் ஸ்கேட்டர். சக்கரத்தில் இதெல்லாம் பொருந்துமா?

தாராளமாக. ஆர்டிஸ்டிக் ரோலர் ஸ்கேட்டிங்கிலும் இதே தாவல்கள்தான். டோ லூப்பை மட்டும் அங்கே 'மேப்ஸ்' என்பார்கள், அதைக் கண்டுபிடித்தவராகச் சொல்லப்படும் அமெரிக்கர் புரூஸ் மேப்ஸின் பெயரில். விளிம்புகளும் அவையே. வித்தியாசம் இரண்டு: பிக்குக்குப் பதில் ரப்பர் ஸ்டாப்பர், அது குத்தாது, பிடிக்கும். அப்புறம், சக்கரம் பிளேடு அளவுக்குப் பக்கவாட்டில் சுரண்டாது. அதனால் ஆக்ஸலில் நான் மேலே சொன்ன 'ஸ்ஸ்' சத்தத்தைத் தேட வேண்டாம்.

குவாட் ஆக்ஸல் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? நான்கு சுற்றைப் பலர் செய்கிறார்களே? – பள்ளி மாணவர்

ஆக்ஸல் முன்னோக்கிக் கிளம்பி, பின்னோக்கி இறங்குவது. அதனால் எப்போதும் அரைச் சுற்று கூடுதல். குவாட் ஆக்ஸல் என்றால் நான்கரை. மேலே சொன்ன கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 0.7 நொடியில் நான்கரைச் சுற்று என்றால் நொடிக்கு ஆறு சுற்றுக்கு மேல். அதுவும் கைகளைச் சேர்க்கவும் இறங்குமுன் விரிக்கவும் ஆகும் நேரத்தைக் கழிக்காமல்.

நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் இந்தத் தாவலை 1882-ல் வியன்னாவில் செய்தார். டபுள் ஆக்ஸலை டிக் பட்டன் 1948 ஒலிம்பிக்கில் கொண்டுவந்தார். டிரிப்பிள் 1978-ல், வெர்ன் டெய்லர். அடுத்த ஒரு சுற்றுக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. யுசுரு ஹன்யு 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முயன்றார், சுற்று முழுமையாகாமல் விழுந்தார். அதே வருஷம் செப்டம்பரில் லேக் பிளாசிட் நகரில் 17 வயது இலியா மலினின் சுத்தமாக இறங்கினார்.

மலினினின் சுழற்சி வேகத்தைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அவருடைய வலது முழங்காலை. கிளம்பும்போது அது முன்னால் சென்று மேலே ஏறுகிறது, உடல் அதைத் தொடர்ந்து ஏறுகிறது, அதன்பிறகே சுழற்சி முறுக்கிக்கொள்கிறது. ஆக்ஸலில் திணறும் பலர் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள்: முதலில் தோளைத் திருப்பிவிட்டு, அப்புறம் மேலே போகப் பார்க்கிறார்கள்.

சிங்கிள் ஆக்ஸலுக்குக் கிளம்பும் இடம்வரை வருகிறேன். அங்கே உடல் நின்றுவிடுகிறது. பயம். என்ன செய்ய? – முப்பது தாண்டியவள்

இந்தக் கேள்வி எனக்கு எல்லா மாதமும் வருகிறது. பயப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முன்னால் பார்த்துக்கொண்டே வேகத்தில் காற்றில் காலெடுத்து வைப்பதற்குப் பயப்படாத பெரியவர்கள் குறைவு. ஆனால் தயங்கி நின்று, பாதி மனத்தோடு எழும்புவதுதான் நிஜமாக ஆபத்து. அதனால் 'இன்று ஆக்ஸல்' என்று கிளம்பாதீர்கள்.

வால்ட்ஸ் ஜம்ப் போடுங்கள். அதே இடது வெளிவிளிம்பு, அதே முன்னோக்கிய கிளம்பல், அரைச் சுற்று மட்டும். அதைப் பெரிதாக்குங்கள், உயரமாக, நீளமாக. பெரியவர்கள் வால்ட்ஸ் ஜம்ப்பைக் குழந்தை விளையாட்டு என்று அலட்சியமாகத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு அந்தச் சின்ன வால்ட்ஸ் ஜம்ப்பிலேயே ஒரு முழுச் சுற்றைக் கூடுதலாகத் திணிக்கப் பார்க்கிறார்கள். இடமே இல்லாதபோது எங்கே திணிப்பது?

பெரிய வால்ட்ஸ் ஜம்ப் வந்தபிறகு, தரையில், ஷூ போட்டுக்கொண்டு, எடையை இடது காலிலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றுவதைப் பழகுங்கள். ஆக்ஸல் என்பது இடது காலில் கிளம்பி, வலது காலின் அச்சில் சுழல்வது. அந்த மாற்றம் உடம்புக்குப் பழகாதவரை பயம் இருக்கத்தான் செய்யும். உங்கள் தளத்தில் கோச் கையில் பிடிக்கும் கம்பி ஹார்னஸ் (விழாமல் தாங்கும் பட்டை) இருந்தால் வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள். இடுப்பிலும் முழங்காலிலும் பேட் போடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிப்பவர்கள் இன்னும் ஆக்ஸலுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் இடம்வரை வந்து, மனம் வேண்டாம் என்றால் அன்று வால்ட்ஸ் ஜம்ப்பாகவே முடித்துவிடுங்கள். முழு வேகத்தில், முழு உயரத்தில். நின்று மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும், அந்த இடத்தில் நிற்பதற்கே உங்கள் உடம்பைப் பழக்குகிறீர்கள்.